ஒரு கோகோ டப்பாவின் ஐந்தொகை

லண்டனில் கணக்குப் பரிசோதனைத் தொழிலைக் கற்று, பம்பாயில் ஆடிட்டராக இருந்து நல்ல வருமானம் கண்டு, பின்னர் அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா சர்வகலாசாலைகளில் வர்த்தக நிர்வாகமும் பொருளாதாரமும் பயின்று, பேராசிரியர் எட்வின் செலிக்மனிடம் பொது நிதியைப் பற்றி ஆராய்ச்சி செய்துவிட்டுத் தாயகம் திரும்பிய ஒரு தஞ்சாவூர்க்காரர், 1929ஆம் வருஷம் மே மாதத்தில், பட்டுத் துணியில் தைத்த ஐரோப்பிய உடையோடு சபர்மதி ஆசிரமத்துக்கு வந்தார். நதிக்கரையில், மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவரைச் சிறிது நேரம் வேடிக்கை பார்த்து நின்றவர், தாம் காண வந்த மகாத்மா அவரே என்று தெரிந்ததும், உடையின் மடிப்பைப் பொருட்படுத்தாமல் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்று வளர்ந்து, குடும்பத்தின் பழைய பெயரை மீட்டுக்கொண்டு ஜே. சி. குமரப்பாவாகத் தேசத்துக்கு அறிமுகமானவர் அவர். காந்தீயப் பொருளாதாரத்துக்குச் சாஸ்திர ரூபம் கொடுத்தவர்களில் முதல் ஸ்தானம் அவருக்கே உரியது.

கணக்குத் தொழிலின் ஆதார விதி ஒன்று உண்டு. ஒரு பேரேட்டில் பற்று எழுதினால், எங்கேனும் ஓரிடத்தில் அதற்கு ஈடான வரவு எழுதப்பட்டே ஆக வேண்டும். மறுபக்கம் இல்லாத பதிவு கிடையாது. குமரப்பாவின் எழுத்துக்களைப் படிக்கும்போதெல்லாம், வாழ்க்கை முழுவதையும் அவர் இந்த விதியைக் கொண்டே பரிசோதித்தார் என்று எனக்குத் தோன்றும். நாம் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும், கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவருடைய ஜீவிதத்தில் மறுபக்கப் பதிவு ஒன்று இருக்கிறது என்பதும், அதைப் பார்க்க மறுக்கும் வரையில் நம்முடைய சௌக்கியம் அரைகுறைக் கணக்காகவே இருக்கும் என்பதும் அவருடைய போதனையின் சாரம். பொருள்களின் பெருக்கத்துக்கு நடுவே நல்ல வாழ்வு எது என்று தேடுகிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்த வரையில், இதைவிட உறுதியான ஒரு தொடக்கம் கிடையாது.

இன்றைய நிலைமை யாவரும் அறிந்ததே. ஆடி என்றால் விதைப்பும் அம்மன் கோயில் கூழும் என்றிருந்த காலம் போய், சுபகாரியங்கள் நடவாததால் மந்தப்பட்ட துணி வியாபாரத்தைத் தூக்கி நிறுத்த வந்த தள்ளுபடி விற்பனையே அந்த மாதத்தின் அடையாளமாகி, தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் உரசாமல் நடக்க இடமில்லை. அந்தக் கூட்டத்துக்குப் போக மாட்டாதவர்களுக்கோ, படுக்கையில் சாய்ந்தபடி விரலால் தொட்டாலே கடையைத் திறந்துகாட்டி, தவணையில் கடனுக்கும் வழிசெய்து, மறுநாள் வாசலில் பொருளையும் வரவழைத்துவிடுகிறது கைப்பேசி. இதைக் கண்டு ஜனங்களை ஆசை பிடித்தவர்கள் என்று இகழ்ந்து பேசும் உபதேசிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ஸ்கூட்டருக்கும் ஒரு டெலிபோன் இணைப்புக்கும் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது; மாற்றுத் துணி இல்லாத வறுமையை அனுபவித்த தாய், தன் பெண்ணுக்கு நாலு புடவை கூடுதலாக எடுத்துக் கொடுப்பதில் உள்ள பிரியத்தை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் 1991ஆம் வருஷத்துப் பொருளாதார மாற்றங்களுக்குப் பிறகு, இல்லாமையின் துக்கம் நீங்கிய வீடுகளிலும், பரணில் இடமில்லாத வீடுகளிலும், முந்தின தவணை முடியுமுன் அடுத்த தவணை ஆரம்பமாகிவிடுகிற வீடுகளிலும், போதும் என்ற நிம்மதி மட்டும் ஏன் வரவில்லை என்பதுதான் சிந்திக்க வேண்டிய விஷயம்.

போதாமை என்ற உணர்ச்சி முழுவதையும் மனித சுபாவத்தின் தலையில் கட்டிவிடுவது நியாயமன்று. குமரப்பா அமெரிக்காவில் வாசித்துக்கொண்டிருந்த அந்த 1920களின் பிற்பகுதியிலேதான் அதை உண்டுபண்ணும் வித்தை அங்கே ஒரு சாஸ்திரமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஹென்றி ஃபோர்டு 1908 முதல் பெரிய மாறுதல் எதுவுமின்றிச் செய்துவந்த டி மாடல் மோட்டார் வண்டி மலிவானது, உறுதியானது, உடைந்தால் உள்ளூரிலேயே சரிசெய்து கொள்ளத் தக்கது. அதற்குப் போட்டியாக ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் வருஷந்தோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றி, போன வருஷத்து வண்டியை வைத்திருப்பவன் வெட்கப்படும்படி செய்து, 1919லேயே தாங்கள் ஸ்தாபித்திருந்த கடன் கம்பெனியின் மூலம் தவணையும் கொடுத்தார்கள். 1927ல் ஃபோர்டு தம் பழைய வண்டியின் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. 1924 டிசம்பரில் ஜெனீவாவில், பீபஸ் என்ற பெயரில் கூடிய பெரிய மின்விளக்குக் கம்பெனிகள், பல்பின் ஆயுளை 1000 மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும் என்றும், அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்பவர்கள் அபராதம் கட்ட வேண்டும் என்றும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. நீடித்து உழைக்கும் பொருளைச் செய்வது குற்றம் என்று தீர்மானித்த ஒரு வியாபார முறை, திருப்தியோடிருக்கும் மனிதனை எப்படிச் சகித்துக்கொள்ளும்?

1936ல் வெளிவந்த ‘கிராம இயக்கம் ஏன்?’ என்ற தமது புஸ்தகத்தில், குமரப்பா ஒரு டப்பா கோகோவை எடுத்துக்கொண்டு அதன் கணக்கைப் பரிசோதிக்கிறார். அந்தக் கோகோ மேற்கு ஆப்பிரிக்கக் கரையில், சுதேசிகளைக் கட்டாய வேலை வாங்கும் தோட்டங்களில் விளைந்ததாக இருக்கலாம். பலாத்காரத்தினால் கைப்பற்றிக் காவல் காக்கப்படும் கடல் வழிகளில் கப்பலேறி வந்திருக்கலாம். இங்கிலாந்தில் அரைக்கூலிக்கு உழைக்கும் தொழிலாளிகளின் கையால் பக்குவம் செய்யப்பட்டிருக்கலாம். அடிமை இந்தியாவின் மேல் ராஜாங்க அதிகாரத்தால் சுமத்தப்பட்ட சலுகைச் சுங்கத்தின் உதவியோடு நம்முடைய துறைமுகத்தில் இறங்கியிருக்கலாம். அப்படியானால், சில்லறையை நீட்டி அந்த டப்பாவை வாங்குகிறவன், ஆப்பிரிக்காவின் கட்டாய உழைப்பையும், கடற்படையின் பீரங்கியையும், ஆங்கிலத் தொழிலாளியின் வறுமையையும், தன் சொந்த நாட்டின் அடிமைத்தனத்தையும் ஏக காலத்தில் ஆதரித்தவனாகிறான் என்று அவர் முடிவு கட்டுகிறார். கோகோ குடிப்பது பாபம் என்பது அவர் வாதமன்று. கைக்கு அடக்கமான அந்தச் சின்னத் தகர டப்பாவுக்குள் இத்தனை பொறுப்பு அடைபட்டிருக்கிறது என்பதையும், விலையைக் கொடுத்ததோடு அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதையும் எடுத்துக்காட்டுவதே அவர் நோக்கம்.

ஆப்பிரிக்காவும் இங்கிலாந்தும் தூரம் என்று தோன்றினால், நமக்கு வெகு சமீபத்தில் திருப்பூர் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலைகளில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையில், பின்னலாடைத் தொழில் பிரம்மாண்டமாக வளர்ந்து, பஞ்சம் பிழைக்க வந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அந்த நன்றியை மறந்து பேசலாகாது. ஆனால் நாம் வெள்ளை வெளேரென்றும் பல வர்ணங்களிலும் வாங்கி உடுத்திய பனியனின் மறுபக்கப் பதிவு நொய்யலாற்றிலே எழுதப்பட்டது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட கழிவுநீர் ஆற்றில் சேர்ந்தது; பாசனத்துக்கென்று 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பயிருக்கு விட முடியாத சாயத் தண்ணீரின் தொட்டியாயிற்று; கிணறுகள் உப்பேறின; அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்த விவசாயிகள் வயலை விட்டுக் கோர்ட்டுப் படியேற வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை அடையும் வரையில் சாயப்பட்டறைகளை மூடிவைக்க உத்தரவிட்டது. சுத்திகரிப்புக்குச் செலவிட்டு இன்று இயங்கும் ஆலைகள் அந்த வழக்கின் பலன். எனினும், அந்தச் செலவைச் சேர்த்து விலை சொன்னால் வாங்க மாட்டோம் என்று வேறு தேசத்துக்கு ஆர்டரைத் திருப்பிவிடும் வியாபாரிகளும், அவர்கள் பின்னால் நிற்கும் மலிவுப் பிரியர்களான நாமும், அந்த ஆற்றின் கணக்கில் இன்னும் கடனாளிகளாகவே இருக்கிறோம். 2013ல் டாக்கா நகரத்துக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து, ஆயத்த ஆடை தைத்துக்கொண்டிருந்தவர்கள் 1,100 பேருக்கு மேல் மாண்டுபோனதும் இதே பேரேட்டின் ஒரு பக்கம்தான்.

இவ்வளவையும் ஒரு சாதாரண மனிதன் எப்படி விசாரித்து அறிய முடியும் என்ற கேள்வி நியாயமானது. குமரப்பா அதற்குச் சொன்ன பதில், சுதேசியத்தைப் பற்றி நான் படித்தவற்றுள் மிக ஆழமானது. நம்முடைய கொடுக்கல் வாங்கலின் விளைவுகளுக்கு நாமே பொறுப்பேற்க இயலாத அளவுக்கு வியாபார வட்டம் விரிந்து போயிருக்குமானால், பொறுப்பேற்கக்கூடிய எல்லைக்குள் அந்த வட்டத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அது. அந்நியன்மேல் துவேஷமோ, பழமையில் மோகமோ இதில் இல்லை. நான் உடுத்தும் துண்டை நெய்தவர் சென்னிமலையில் இருக்கிறார், அவருக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று ஒரு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம் என்கிற சாத்தியம் இருக்கிறதே, அதுவே சுதேசியத்தின் தார்மிக பலம். எல்லாப் பொருளுக்கும் இது நடைமுறையில் ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கைப்பேசிக்குள் இருக்கும் உலோகங்கள் எந்தெந்தச் சுரங்கத்திலிருந்து வந்தன என்று தேடிப் போக யாராலும் ஆகாது. ஆயினும் அரிசி, எண்ணெய், துணி, செருப்பு, மரச்சாமான் ஆகிய அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதியை அந்தச் சிறிய வட்டத்துக்குள் கொண்டுவர இன்றைக்கும் வழி இருக்கிறது.

‘கிராம இயக்கம் ஏன்?’ வெளிவந்து சில வருஷங்களுக்குப் பிறகு, 1942ஆம் வருஷத்துப் போராட்டத்தில் சிறைப்பட்டு ஜபல்பூர் ஜெயிலில் இருந்த காலத்தில், குமரப்பா ‘நிலைத்த பொருளாதாரம்’ என்ற நூலை எழுதினார். காந்தியடிகளே அதற்கு முன்னுரை தந்தார். ஐந்து வகைப் பொருளாதாரங்களை அவர் புலி முதல் தாய்ப்பறவை வரையில் பிராணிகளின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குவது பலரும் அறிந்த பகுதி. என் மனத்தில் அதிகமாகப் பதிந்தது, உழைப்பைப் பற்றி அவர் சொல்லியிருப்பதே. சரியாக அறிந்து செய்யப்படும் வேலை, ஆகாரம் சரீரத்துக்கு என்ன செய்கிறதோ அதையே மனிதனுடைய உயர்ந்த சக்திகளுக்குச் செய்கிறது என்பது அவருடைய கருத்து. 1955ல் பர்மாவுக்குப் போய் வந்த இ. எஃப். ஷூமாக்கர், பிற்பாடு பௌத்தப் பொருளாதாரத்தைப் பற்றி எழுதிய பிரசித்தமான கட்டுரையில் குமரப்பாவின் இந்த வாக்கையே எடுத்தாண்டிருக்கிறார். 1973ல் வெளிவந்த ‘சிறியதே அழகு’ என்ற அவருடைய நூலின் வழியாக, தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் சிந்தனை மேல்நாட்டு வாசகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்றைய நுகர்ச்சி நாகரிகம் மனிதனுக்குச் செய்யும் பெரிய அபகாரம் இந்த இடத்திலே இருப்பதாக நான் நினைக்கிறேன். வாரம் முழுவதும் செய்யும் வேலை வெறும் சம்பளத்துக்கான சகிப்பாகிவிட, வாழ்க்கையின் ரசம் முழுவதையும் ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் தேட வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. அங்கே கிடைப்பது புதுமையின் சந்தோஷம் மட்டுமே ஆகையால், அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரையில்கூடத் தாங்குவதில்லை. பத்தமடையில் கோரையை நுண்ணிழையாகக் கிழித்துப் பாய் பின்னுகிறவர் வறியவராக இருக்கலாம், அவருக்குக் கிடைக்கும் கூலி வெட்கப்படத் தக்கதாக இருக்கலாம். ஆனால் தன் விரல்களின் நுட்பத்தைப் பற்றி அவருக்கு இருக்கும் கௌரவத்தை எந்தத் தள்ளுபடி விற்பனையிலும் வாங்க முடியாது. அந்தக் கௌரவமும் நியாயமான கூலியும் ஒருசேரக் கிடைக்கும் ஏற்பாட்டைத்தான் குமரப்பா வார்தாவின் மகன்வாடியில் இருந்துகொண்டு, 1934ல் ஆரம்பித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாகத் தேடினார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கை அங்கே தயாரித்தார்கள். நிலத்தடியில் தேங்கிக் கிடக்கும் பெட்ரோலியமும் நிலக்கரியும் ஒருநாள் தீர்ந்துபோகும், தீருமுன் அவற்றுக்காகத் தேசங்கள் சண்டையிடும், ஆகவே ஆண்டுதோறும் விளைந்து புதுப்பித்துக்கொள்ளும் செல்வத்தின்மேல் வாழ்க்கையை அமைக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது அதைக் கட்டுப்பெட்டித்தனம் என்றார்கள்.

இருப்பினும், எளிமையைப் போற்றுகிறவர்கள் அடுக்களையை மறந்து பேசினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆட்டுக்கல்லிலும் அம்மியிலும் தேய்ந்தவை பெண்களின் கைகள். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் உருவாகி ஊரெங்கும் பரவிய வெட் கிரைண்டர், எத்தனையோ தாய்மார்களுக்கு விடியற்காலைத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதைத் துறப்பதைப் புண்ணியமாகச் சொல்பவர், தாம் என்றைக்காவது மாவாட்டியிருக்கிறாரா என்று யோசிக்க வேண்டும். குமரப்பாவின் பரிசோதனையை வைத்துப் பார்த்தாலும், வாரும் மோட்டாரும் பழுதானால் தெருமுனைக் கடையில் மாற்றிக்கொள்ளத்தக்க கிரைண்டர் தேறிவிடும். திறக்கவே முடியாதபடி ஒட்டி மூடப்பட்டு, பேட்டரி தளர்ந்ததும் தூக்கியெறியப்படும் சாதனம் தேறாது. அதைப் போலவே, மரச்செக்கு எண்ணெயும் கைக்குத்தல் அரிசியும் வசதியுள்ளவர்கள் பெருமையோடு வாங்கிக் காட்டும் ஆடம்பரங்களாக மாறி, செக்கை ஓட்டுகிறவரின் பிள்ளை அந்த எண்ணெயை வாங்க முடியாத நிலைமை ஏற்படுமானால், அதை எளிய வாழ்க்கை என்று அழைப்பதற்கு நியாயம் இல்லை.

குமரப்பா தம் கடைசி வருஷங்களை மதுரை ஜில்லாவில் தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார்; காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30ஆம் தேதியில், 1960ல் காலமானார். அவருக்குச் சிலை வைப்பதைக் காட்டிலும் செய்யத்தக்க காரியம் ஒன்று இருக்கிறது. 1929ஆம் வருஷக் கடைசியில், குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு, கேடா ஜில்லாவின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் புகுந்து, ஒவ்வொரு குடும்பத்தின் வரவையும் செலவையும் கடனையும் அவர் எழுதி எடுத்தார். வரிச்சுமையின் உண்மை அந்த ஏடுகளிலிருந்தே வெளிவந்தது. நம்முடைய கல்லூரிகளின் பொருளாதார மாணவர்கள் அதே விதமாக ஓர் ஊரின் ஒரு வார்டை எடுத்துக்கொள்ளலாம். சென்ற ஒரு வருஷத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் என்னென்ன பொருள் வந்தது, ரொக்கத்துக்கா தவணைக்கா, இன்றைக்கும் உபயோகத்தில் இருக்கிறதா, பழுதானபோது சரிசெய்யப்பட்டதா எறியப்பட்டதா, கொடுத்த பணத்தில் எவ்வளவு அந்த ஊர்க் கைகளில் தங்கியது என்று விசாரித்து, வீட்டுக்காரர்களுக்கே அதை வாசித்துக் காட்டலாம். பெரிய மானியமோ யந்திரமோ இதற்கு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புஸ்தகமும், மாலை வேளைகளும், வாசலில் நின்று பேசும் பொறுமையும் உள்ள பத்து மாணவர்கள் இருந்தால் அடுத்த பருவத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.