எல்லை தாண்டக் கூடாத முகவரி

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் மகாவலி கங்கையின் ஒரு கரையில் இருக்கிறது. கலைப் பீடம் மறு கரையில். இரு பக்கமும் கணினிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவை ஒரே வேளையில் நின்றுபோவதாக வைத்துக்கொள்வோம். கேட்ட முகவரி கிடைக்காத கணினிகள் பலவும் 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றைத் தாமே எழுமாற்றாக எடுத்துக்கொள்ளும். ஒரே இணைப்பில் உள்ளவை அதைக் கொண்டு தமக்குள் கோப்புகளைப் பரிமாறலாம். இணையம் மட்டும் வராது. ரவுட்டரில் ஒரு வழியை எழுதி, இந்த முகவரிகளையும் ஆற்றுக்கு அப்பால் அனுப்பினால் என்ன என்ற எண்ணம் அப்போது எழுவது இயல்பு. ஆனால் அது தவறான பரிகாரம்.

2005 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 3927 என்ற தரநிலை, இந்த முகவரிகள் கொண்ட பொதிகளை ரவுட்டர்கள் கடத்தவே கூடாது என்கிறது. காரணம் தெளிவானது. எண்ணைத் தெரிந்தெடுத்த கணினி, “இது வேறு யாரிடமாவது இருக்கிறதா?” என்று தன் இணைப்பில் மட்டுமே விசாரிக்கிறது, அந்த விசாரிப்பு ரவுட்டரைத் தாண்டாது. இலக்கம் 12 என்ற வீடு கட்டுகஸ்தோட்டையிலும் இருக்கும், பேராதனையிலும் இருக்கும். தெருவும் ஊரும் இல்லாமல் தபால்காரர் என்ன செய்வார்? தெரிவுக்கு உள்ள முகவரிகள் 65,024. கரைக்கு 200 கணினிகள் என்றால், ஒரே எண் இரு கரையிலும் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 46 சதவீதம். எண்கள் மோதாவிட்டாலும் சிக்கல் தீராது. ரவுட்டர் முகவரியின் முற்பகுதியைப் பார்த்தே திசையைத் தீர்மானிக்கிறது. இங்கே இரு கரைக்கும் முற்பகுதி ஒன்றுதான்.

10 அல்லது 192.168 என்று தொடங்கும் தனியார் முகவரிகளும் பொது இணையத்தில் செல்லாதவையே, அவற்றை வளாகத்துக்குள் வழிநடத்துகிறோமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு பீடத்துக்கும் வெவ்வேறு தொகுதியை ஒரு நிர்வாகி திட்டமிட்டு ஒதுக்குகிறார். வழிநடத்தலைச் சாத்தியமாக்குவது அந்தத் திட்டம். முகவரியை வழியில் மாற்றியெழுதும் ‘நாட்’ முறையால் 169.254-ஐயும் வெளியே அனுப்ப முடியாதா என்பது அடுத்த கேள்வி. வளைத்து வளைத்துச் செய்யலாம். ஆனால் அதற்கு ஒவ்வொரு கணினியிலும் வெளிவழியைக் கையால் எழுத வேண்டும். அந்த உழைப்பில் ஒழுங்கான முகவரியையே கொடுத்துவிடலாம். பழுதான சேவையோ பழுதாகவே கிடக்கும்.

ஆகவே 169.254-ஐக் கண்டால் அதை ஓர் அறிகுறியாகக் கொள்ள வேண்டும். கேபிள், சுவிட்ச், டி.எச்.சி.பி. சேவையகம் என்று வரிசையாகச் சோதிக்கலாம். ஒவ்வொரு கட்டடத்திலும் சேவையகம் வைக்கவும் தேவையில்லை. கோரிக்கையை மையச் சேவையகத்துக்குச் சேர்க்கும் ‘ரிலே’ வசதி ரவுட்டர்களில் உண்டு. புதிய ஐபிவி6 முறையும் இந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. அதில் ஒவ்வொரு கணினியும் உள்ளூருக்கென fe80 வகை முகவரியை எப்போதும் வைத்திருக்கும். வெளியுலகுக்கு வேறொன்றைப் பெறும். இரண்டுக்கும் வேலை வேறு என்று பிரித்து வைத்ததால்தான் இரண்டையும் நம்ப முடிகிறது.