உடல் படும் பாட்டை எப்படிக் கேட்பது?

புற்றுநோய்க் கட்டியின் அளவை ஸ்கேன் சொல்லிவிடும். களைப்பையும் கவலையையும் நோயாளிதான் சொல்ல வேண்டும். அதற்காக ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உருவாக்கி, 1993-இல் வெளியிட்ட கேள்வித்தாள் 'கியூ.எல்.கியூ.-சி30'. மொத்தம் 30 கேள்விகள். இன்று தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது.

எப்படி மொழிபெயர்க்கிறார்கள்? இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். ஒப்பிட்டு ஒரே வடிவமாக்குவார்கள். வேறு இருவர் அதை மறுபடி ஆங்கிலமாக்கும்போது, பொருள் விலகிய இடம் பிடிபடும். பிறகு 10 முதல் 15 நோயாளிகளிடம் கொடுத்து, எது புரியவில்லை, எது மனதை நோகடித்தது என்று கேட்பார்கள். என் பார்வையில் இதுதான் உயிரான கட்டம். மூலத்தில் கடினமான வேலைக்கு எடுத்துக்காட்டு, கனமான கடைப்பையோ சூட்கேஸோ தூக்குவது. சூட்கேஸே தூக்கியிராத மூதாட்டி என்ன பதில் சொல்வார்?

ஏன் இவ்வளவு மெனக்கெடல்? பல நாட்டவரின் விடைகளும் 0 முதல் 100 வரையான மதிப்பெண்களாகி ஒரே ஆய்வில் சேர்கின்றன. 'சிறிது', 'ஓரளவு அதிகம்' என்ற விடைப் படிகள் ஒரு மொழியில் மட்டும் பொருளில் நெருங்கிவிட்டால், மருந்தின் பக்கவிளைவே தவறாகத் தெரியும்.

இத்தகைய கேள்வித்தாள் உங்கள் கைக்கு வந்தால், புரியாத வரியை ஊகித்து நிரப்பாதீர்கள், தயங்காமல் கேளுங்கள்.