இரட்டை இடர் உடையோரும் தடுப்பூசி வரிசையும்

2020ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி இங்கிலாந்தின் கொவன்றி நகரிலே, பரிசோதனைக் கட்டத்தைக் கடந்து அனுமதி பெற்ற பைசர் தடுப்பூசி முதன்முறையாக ஏற்றப்பட்டது. அன்று பிரித்தானியாவின் கையிருப்பில் இருந்த மருந்து மிகச் சிலருக்கே போதியதாயிருந்தது. அந்நாட்டு வளர்ந்தோர் தொகையோ ஐந்து கோடிக்கு மேற்பட்டது. இந்நிலையில் யாவர் முதலில், யாவர் பின்னர் என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையினால் பல்வேறு தரப்பினர் பாதிப்புற்றனர். அவர்களுள் அதிகம் பேசப்படாத ஒரு தரப்பினரைப் பற்றியே இக்கட்டுரையில் நோக்க விரும்புகின்றோம். வீட்டிலிருந்து செய்ய முடியாத தொழிலைச் செய்துகொண்டு, அதே வேளை நீண்டகால நோயொன்றையும் உடலிலே தாங்கியிருந்தோரே அவர்கள். பஸ் சாரதிகள், கடைக் காசாளர்கள், காவலாளிகள், பாடசாலை ஆசிரியர்கள் முதலானோருள் இத்தகையோர் பலர் இருந்தனர்.

பிரித்தானிய அரசுக்குத் தடுப்பூசி பற்றி ஆலோசனை கூறும் கூட்டுக்குழு 2020 டிசெம்பர் 2ஆம் திகதி ஒன்பது படிகள் கொண்ட பட்டியலொன்றை வெளியிட்டது. முதியோர் இல்லங்களில் வாழ்வோரும் அவர்களைப் பராமரிப்போரும் முதற்படியினர். எண்பது வயதைக் கடந்தோரும் முன்னணிச் சுகாதார, சமூகப் பராமரிப்புப் பணியாளரும் இரண்டாம் படியினர். மூன்றாம் படியில் 75 வயதினரும், நான்காம் படியில் 70 வயதினரும் மிகக் கடுமையான நோய் இடருக்கு உள்ளானோரும், ஐந்தாம் படியில் 65 வயதினரும் இடம் பெற்றனர். 16 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்டவராய் நீரிழிவு, சிறுநீரக நோய், இருதய நோய் போன்றவற்றை உடையோருக்கு ஆறாம் படி ஒதுக்கப்பட்டது. எஞ்சிய மூன்று படிகளும் முறையே 60, 55, 50 வயதுகளைக் கடந்தோருக்குரியன.

சுகாதார, பராமரிப்புத் துறைகளை விட்டுவிட்டு நோக்கின் இப்பட்டியலில் தொழில் என்ற அளவுகோல் எங்குமே இடம்பெறவில்லை. வயது அல்லது நோய் ஒன்றே ஒருவரின் இடத்தைத் தீர்மானித்தது. வீட்டிலிருந்தவாறே கணக்கெழுதும் நீரிழிவு நோயாளியும், நாள்தோறும் நூற்றுக்கணக்கான பயணிகளின் மத்தியிலே அமர்ந்து பஸ் ஓட்டும் நீரிழிவு நோயாளியும் ஒரே படியிலேதான் நிறுத்தப்பட்டனர்.

குழுவினர் வயதுக்கு முதன்மை அளித்தமைக்குத் தக்க காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஒரு கோடியே எழுபது இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020 யூலையில் வெளியான ஆய்வொன்று, ஐம்பதுகளில் இருப்போரோடு ஒப்பிடுகையில் எண்பது வயதைக் கடந்தோர் இந்நோயினால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருபது மடங்கு எனக் கண்டது. நோய்களுள் எதுவும் தனித்து நின்று இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. மேலும், ஒருவரின் வயது மருத்துவப் பதிவேட்டில் உண்டு. அவர் தொழில் அங்கு ஒழுங்காகப் பதியப்படுவதில்லை. வயதைக் கொண்டு அழைப்பது விரைவானது, பிணக்குக்கு இடந்தராதது. ஒன்பது படிகளும் நிறைவேறின் தடுக்கக்கூடிய இறப்புகளுள் 99 வீதமளவு தடுக்கப்படும் எனவும் குழு மதிப்பிட்டிருந்தது. இவற்றையெல்லாம் புறந்தள்ளிவிட்டு அப்பட்டியலைக் குறைகூறுவது முறையன்று.

ஆயினும் இடர் என்பது யாது என்பதைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். ஒருவர் இந்நோயினால் இறக்கும் வாய்ப்பு இரு கூறுகளால் ஆனது. தொற்று அவரை வந்தடையும் வாய்ப்பு ஒன்று. வந்தடைந்த பின் அது அவரைக் கொல்லும் வாய்ப்பு மற்றையது. இவ்விரண்டையும் கூட்டுவதன்று, பெருக்குவதே கணக்கு. தொழில் பெரும்பாலும் முதற்கூற்றை மிகுவிக்கின்றது. வயதும் நோயும் இரண்டாம் கூற்றை மிகுவிக்கின்றன. விளக்கத்தின் பொருட்டு, தொழில் ஒருவரின் தொற்று வாய்ப்பை இரு மடங்காக்குகின்றது எனவும் நோய் அவரது இறப்பு வாய்ப்பை இரு மடங்காக்குகின்றது எனவும் கொள்வோம். இரண்டும் ஒருவரிடத்தே சேருமாயின் அவரது இடர் நான்கு மடங்காகின்றது. வயது ஆறேழு ஆண்டு கூடுந்தோறும் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிக்கின்றது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணிப்பு. எனவே நான்கு மடங்கு இடர் என்பது பன்னிரண்டு முதல் பதினான்கு ஆண்டு மூப்புக்குச் சமனாகும்.

இக்கணக்கை ஐம்பது வயதுடைய நீரிழிவு நோயாளியான சாரதிக்குப் பொருத்தினால், அவர் வீட்டிலிருக்கும் நலமான அறுபத்துமூன்று வயதினருக்கு ஒப்பாகின்றார். ஆறாம் படி அவருக்குப் பொருத்தமானதே. முப்பது வயதினர் ஒருவருக்கோ அப்படி நியாயத்துக்கு மேற்பட்ட சலுகை என்றும் கூறலாம். ஆனால் ஐம்பத்தெட்டு வயதினர் ஒருவரின் நிலை வேறு. அவரது இடர் எழுபது வயதைக் கடந்த ஒருவரின் இடரை எட்டுகின்றது. நான்காம் படிக்கு உரியவர் அவர். பட்டியலோ அவரையும் முப்பது வயது நோயாளியையும் ஒருங்கே ஆறாம் படியில், ஏறத்தாழ எழுபத்துமூன்று இலட்சம் பேருள் நிறுத்தியது. ஆகவே பட்டியலின் பிழை நோயுற்ற பணியாளர் எல்லோர் மீதும் ஒரே அளவாக விழவில்லை. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளே எஞ்சியிருந்தோர் மீதே அது கூடுதலாக விழுந்தது என்பது எமது கருத்து.

தொழில் தொற்று வாய்ப்பை மிகுவிக்கின்றது என்பதும் வெறும் ஊகமன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2020 மார்ச் 9 முதல் டிசெம்பர் 28 வரை 20 முதல் 64 வரையான வயதினரிடையே பதிவான கொவிட் இறப்புகளைத் தொழில்வாரியாகப் பிரித்து, தேசியப் புள்ளிவிபர அலுவலகம் 2021 ஜனவரியில் வெளியிட்டது. ஆண்களிடையே பொது வீதம் ஓர் இலட்சத்துக்கு 31.4. காவலாளிகளிடையே அது 100.7, வாடகைக் கார்ச் சாரதிகளிடையே 101.4, பஸ் சாரதிகளிடையே 70.3. இவ்வேறுபாடு முழுவதையும் தொழில் மீது சுமத்துதல் கூடாது. நெருக்கமான குடியிருப்பு, வறுமை, ஏற்கெனவே உள்ள நோய் என்பனவும் இத்தொழிலாளரிடையே மிகுதி. ஆயின் இதுவே நாம் வற்புறுத்த விரும்புவதுமாகும். தொழிலும் நோயும் தனித்தனி மனிதரிடம் சிதறிக் கிடப்பவை அல்ல. ஒரே மனிதரிடம் வந்து சேர்பவை.

இலண்டன் பஸ் சாரதிகளின் இறப்புகள் பற்றி இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சுகாதாரச் சமத்துவ நிலையம் மேற்கொண்ட ஆய்வு இதற்குத் துணை செய்கின்றது. 2020 யூலையில் வெளியான அதன் முதலறிக்கை 27 சாரதிகளின் இறப்பை ஆராய்ந்தது. அவர்களுள் பலருக்கு ஏற்கெனவே நோயிருந்தது. குறிப்பாக உயர் குருதியழுத்தம் இருந்தது. ஆனால் ஆறாம் படிக்குரிய நோய்களின் பட்டியலில் உயர் குருதியழுத்தம் தனித்து இடம்பெறவில்லை. இருதயச் சிக்கல் ஏற்பட்டிருந்தாலன்றி அது கணக்கிற் கொள்ளப்படவில்லை. மற்றைய காரணிகளை நீக்கிப் பார்க்கும்போது குருதியழுத்தம் மட்டும் இறப்பை மிகுவிக்கவில்லை என்பதே மேற்கூறிய பேராய்வின் முடிபு. ஆதலின் மருத்துவ நோக்கில் அவ்விலக்கு ஏற்புடையது எனலாம். எனினும் மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குப் புறப்பட்ட ஒரு சாரதி, தம்மைப் போன்ற நோயுடைய சகபாடிகள் இறந்ததைக் கண்டவர், இவ்விளக்கத்தால் ஆறுதல் அடைந்திருப்பார் என எதிர்பார்த்தல் கடினம்.

இவர்களது கவலைக்கு மற்றுமொரு காரணமும் இருந்தது. மிகக் கடுமையான இடருடையோர் என வகுக்கப்பட்டோருக்கு, வீட்டை விட்டு வெளியேற வேண்டாம் எனக் கடிதம் அனுப்பப்பட்டது. வேலைக்குச் செல்ல இயலாமையைத் தொழில் தருநருக்குக் காட்டுதற்கு அக்கடிதம் ஆதாரமாயிற்று. பொதுவாக நீரிழிவு நோயாளர் அவ்வகுப்பில் அடங்கவில்லை. அவர்கள் 'இடருடையோர்' மட்டுமே. பிறரிடமிருந்து இடைவெளி பேணுவதில் கண்டிப்பாயிருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். காசாளர் ஒருவர் இவ்வறிவுரையை எவ்வாறு கடைப்பிடிப்பது? வேலையை விட்டு நின்றால் எஞ்சுவது சட்டப்படியான சுகவீனக் கொடுப்பனவாகிய வாரமொன்றுக்கு 95.85 பவுண், சுகவீனமுறாத ஒருவருக்கு அதுவும் உறுதியில்லை. வீட்டில் நிற்பதற்குப் போதிய நோயாளர் அல்லர்; ஊசியை முன்னதாகப் பெறுதற்கும் போதிய நோயாளர் அல்லர். இலண்டனில் சிறு கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் உழைக்கும் நம்மவர் பலர் இவ்விடைவெளியிலேயே அகப்பட்டிருந்தனர். நீரிழிவு தென்னாசியரிடையே மிகுதி என்பதும் மனங்கொளத்தக்கது. இவற்றோடு, தமது நோயை முதலாளியிடம் வெளிப்படுத்துவதா மறைப்பதா என்னும் தயக்கமும் சேர்ந்துகொண்டது.

இரு கூறுகளையும் இணைத்து நோக்கும் முயற்சி அறவே இல்லாமற் போகவில்லை. சுகாதாரப் பணியாளர் பற்றிய அதே டிசெம்பர் ஆலோசனையில், தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்தோரும் தனிப்பட்ட முறையில் கடும் நோய்க்கு உள்ளாகக்கூடியோரும் அப்படியினுள் முந்துதற்குரியர் எனக் குழு கூறியிருந்தது. வைத்தியசாலைத் தாதிக்கு ஏற்கப்பட்ட நியாயம் பஸ் சாரதிக்கு ஏற்கப்படவில்லை என்பதே இதன் பொருள். 2021 பெப்ரவரி 16ஆம் திகதி ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் தலைமையில் உருவான கணிப்பு முறையைக் கொண்டு, இங்கிலாந்தில் மேலும் 17 இலட்சம் பேர் கடும் இடருடையோர் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். வயது, இனம், உடற்பருமன், வாழிடத்தின் வறுமை நிலை, நோய்கள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே கணித்தது அம்முறை. தனித்தனியே சிறியனவாய்த் தோன்றும் இடர்கள் சேர்ந்து பெரிதாவதை அரசு ஏற்றுக்கொண்டது என்பதற்கு அது சான்று. ஆனால் அக்கணிப்பிலும் தொழில் சேர்க்கப்படவில்லை. அதே மாதம் 26ஆம் திகதி, ஐம்பது வயதுக்குக் குறைந்தோருக்கான ஒழுங்கிலும் ஆசிரியருக்கோ பொலிசாருக்கோ தனியிடம் வேண்டாம், வயதே போதும் எனக் கூட்டுக்குழு ஆலோசனை வழங்கிற்று.

ஐக்கிய அமெரிக்கா இதற்கு மாறான வழியை மேற்கொண்டது. அங்குள்ள ஆலோசனைக் குழு 2020 டிசெம்பர் 20ஆம் திகதி, 75 வயதைக் கடந்தோரோடு ஏறத்தாழ மூன்று கோடி முன்னணிப் பணியாளரையும் ஒரே கட்டத்தில் வைத்தது. ஆசிரியர், மளிகைக் கடைப் பணியாளர், பொதுப் போக்குவரத்து ஊழியர் ஆகியோர் அதில் அடங்கினர். 65 வயதுக்குக் குறைந்த நோயாளர் அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்பட்டனர். இங்கு நோயுற்ற காசாளர் தம் தொழிலால் முந்தினார். ஆனால் உணவகத்தில் சமைக்கும் நோயாளி அடுத்த கட்டத்திலேயே நின்றார். இவ்வொழுங்கும் நெடுநாள் நிலைக்கவில்லை. மாநிலங்கள் தத்தமக்கு உகந்தவாறு வரிசையை மாற்றின; தொழில்வாரியாகச் சென்ற கலிபோர்னியா 2021 ஜனவரி இறுதியில் வயதுக்குத் திரும்பியது. நோய்ப் பட்டியலும் ஐயத்துக்கு இடமளித்தது. இரண்டாம் வகை நீரிழிவு இடர் மிகுந்தது எனவும், முதலாம் வகை அவ்வாறு இருக்கக்கூடும் எனவும் மத்திய நோய்த்தடுப்பு நிலையம் வகுத்திருந்தது. இங்கிலாந்தின் ஆய்வாளரோ 2020 ஆகஸ்டிலேயே, வைத்தியசாலையில் இறக்கும் வாய்ப்பு முதலாம் வகையினருக்கு 3.51 மடங்கு, இரண்டாம் வகையினருக்கு 2.03 மடங்கு எனக் காட்டியிருந்தனர். அமெரிக்கப் பட்டியல் திருத்தப்பட்டது 2021 மார்ச் இறுதியிலேதான்.

கணிப்பு முறையே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் எனக் கருதுவோருக்கு ஸ்ரான்போர்ட் மருத்துவ நிலையத்தின் அனுபவத்தைச் சுட்டலாம். 2020 டிசெம்பரில் அந்நிலையம் வயதையும் பணியிடத்தையும் புள்ளிகளாக்கி முதல் 5,000 ஊசிகளைப் பங்கிட்டது. நோயாளரை நேரிற் கவனித்த பயிற்சி வைத்தியர் 1,300 பேருக்கு மேற்பட்டோருள் ஏழு பேருக்கே இடங்கிடைத்தது. அவர்கள் இளையவர், ஒரு பிரிவில் நிலையாக இல்லாது மாறிமாறிப் பணிபுரிவோர், ஆதலின் பணியிடத்துக்கான புள்ளி அவர்களைச் சேரவில்லை. நிருவாகத்தினர் பின்னர் மன்னிப்புக் கோரினர்.

இவற்றை ஒப்பிடுமிடத்து, தொழிற்பட்டியல் நீண்டு குழம்பும் அமெரிக்க வழியிலும் வயதை அடித்தளமாகக் கொண்ட பிரித்தானிய வழியே சிறந்தது என எமக்குத் தோன்றுகின்றது. அவ்வழியைக் குலைக்காமலே செய்திருக்கக்கூடிய திருத்தம் ஒன்று உண்டு. ஆறாம் படியினுள், வீட்டிலிருந்து வேலை செய்ய இயலாதவராய் ஐம்பது வயதைக் கடந்தோரை முதலில் அழைத்திருக்கலாம். அவரது சொல்லையே ஆதாரமாக ஏற்றுக்கொண்டிருக்கலாம். நோய் பற்றிய கையொப்பமிட்ட உறுதிமொழியை 2021 பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து நியூயோர்க் மாநிலம் ஏற்றுக்கொண்டது. பொய்யுரைத்து முந்தினோர் சிலர் இருந்திருப்பர் என்பது மெய்யே. ஆயினும் அதனால் விளையுந் தீமை, மெய்யாகவே இடருற்ற ஒருவர் பின்தங்கி நிற்பதால் விளைவதினும் சிறிது.

ஆறாம் படியினருக்கு அழைப்பு 2021 பெப்ரவரி நடுப்பகுதியிலே தொடங்கிற்று. யூலை மாதத்துக்குள் வளர்ந்தோர் அனைவருக்கும் முதல் ஊசி வழங்க முன்வந்தனர். அதன்பின் வரிசை மீண்டும் சுருங்கலாயிற்று. 2025ஆம் ஆண்டு இலையுதிர் காலத்துக்கென வகுக்கப்பட்ட பிரித்தானியப் பட்டியலில் 75 வயதைக் கடந்தோர், முதியோர் இல்லத்தார், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் ஆகியோர் மட்டுமே இடம்பெற்றனர். நீரிழிவு நோயுடைய பஸ் சாரதி அதில் இல்லை. வைத்தியசாலைத் தாதியும் இல்லை.