தில்லி – சென்னை: எவ்வளவு நேரம்?

ஊரிலிருந்து வரும் உறவினர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?" "இரண்டே முக்கால் மணி" என்று நாமும் விடை சொல்லிவிடுகிறோம். கால அட்டவணைப்படி அது சரியே. ஆயினும் அந்தக் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். (ரயில் வழியோ 2,180ஐ ஒட்டியது.) ஜெட் விமானம் உயரே மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொண்டால் இரண்டேகால் மணிக்குள் போய்விடலாம். எஞ்சிய அரை மணி எங்கே போயிற்று? விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்த கணம் முதல், மறு ஊரில் வந்து நிற்கும் கணம் வரையுள்ளதே அட்டவணை நேரம். தில்லியில் ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து செல்லவே கால் மணி ஆவதுண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு.

குளிர்காலத்தில் இங்கிருந்து கொல்கத்தா செல்வோர், போகும்போது விரைவும் திரும்பும்போது தாமதமும் காண்பர். வட இந்திய வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் கடுங்காற்றே காரணம். சென்னையோ நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கு. ஆகவே போக்குக்கும் வரவுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. நமக்குப் பகை மூடுபனிதான். பொங்கலுக்கு நாம் பெட்டி கட்டும் நாட்களையே அதுவும் பார்த்து வருகிறது!

1949ஆம் ஆண்டு தொடங்கிய இரவு விமானத் தபால் ஏற்பாடு நினைவுகூரத் தக்கது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடும்; தபால் மூட்டைகளையும் பிரயாணிகளையும் மாற்றிக்கொண்டு தத்தம் ஊர் திரும்பும். இங்கிருந்து சென்னை செல்பவர் நடு இரவில் நாகபுரியில் இறங்கி, வேறு விமானம் ஏறியாக வேண்டும். அந்நாளில் அதுவே பெரும் விரைவு.

அந்த விரைவெல்லாம் என் போன்ற குமாஸ்தாவுக்கு எட்டாதது. 1983இல், தந்தையார் நிலை கவலைக்கிடம் என்று தந்தி வந்தபோது, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்தேன். பிறகு எழும்பூர் சென்று, மீட்டர் கேஜ் வண்டியில் கும்பகோணம், அங்கிருந்து பஸ். வீட்டை அடைந்தபோது எல்லாம் தமையனார் கையால் நடந்து முடிந்திருந்தது. திண்ணையில் தந்தையாரின் கைத்தடி மட்டும் சாய்ந்திருந்தது.

2018இல் தாயாருக்கு உடல்நிலை மோசமானபோது தமையனார் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். மறுநாள் அதிகாலை மூன்றரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, முதல் விமானத்தில் ஏறினேன். ஒன்பது மணிக்குச் சென்னை. அங்கிருந்து வாடகைக் காரில் கிராமம் சேர மாலை நான்காயிற்று. பறந்தது இரண்டே முக்கால் மணி. பிரயாணம் பன்னிரண்டரை மணி. சாலையில் கழிந்த ஒவ்வொரு மைலும் அன்று எனக்குத் தனித்தனியே தெரிந்தது. அம்மா கண் திறந்து பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டாள். இரண்டு நாள் உடனிருக்கக் கிடைத்தது.

இப்போது எவரேனும் கேட்டால் பன்னிரண்டரை மணி என்றே சொல்லுகிறேன். மார்கழி, தை மாதங்களானால் ஒரு நாள் என்பேன்.