கில்வா நகரத்தைக் கட்டினது யாரு?

'லயன் கிங்' பார்க்காத ஆள் நம்ம காலேஜ்ல ரொம்பக் கம்மி. அதுல வர்ற சிங்கக்குட்டி பேரு சிம்பா, குரங்கு பேரு ரஃபிகி. ரெண்டுமே சுவாஹிலி மொழி வார்த்தைகள். சிம்பான்னா சிங்கம். நம்ம 'சிம்மம்' மாதிரி காதுல விழுந்தாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, அது ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தோட சொந்தச் சொல். ரஃபிகின்னா நண்பன். அது அரபியில இருந்து வந்தது.

ஒரே மொழிக்குள்ள இந்த ரெண்டும் எப்படி ஒண்ணா வந்துச்சு? இதுக்குப் பதில் சொல்றதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ள பல வருஷமா சண்டை நடந்திருக்கு. அந்தச் சண்டையோட நடுவுல இருக்கிற ஊர்தான் கில்வா.

காத்து போட்ட டைம்டேபிள்

கில்வா, இன்னைக்கு இருக்கிற தான்சானியாவின் தெற்குக் கரையை ஒட்டின ஒரு சின்னத் தீவு. மொகடிஷு, லாமு, மலிண்டி, மொம்பாசா, சான்சிபார்னு கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுக்க வரிசையா இருந்த வணிக நகரங்கள்ல இதுவும் ஒண்ணு.

இந்த வணிகத்தை ஓட்டினது பருவக்காற்று. நவம்பர்ல இருந்து மார்ச் வரை வடகிழக்குக் காத்து அரேபியாவுல இருந்தும் இந்தியாவுல இருந்தும் பாய்மரக் கப்பல்களை ஆப்பிரிக்கா பக்கம் தள்ளும். ஏப்ரலுக்கு அப்புறம் தென்மேற்குக் காத்து திருப்பி அனுப்பும். ஒரே சீசன்ல போயிட்டுத் திரும்பணும்னா கிட்டத்தட்ட கில்வாதான் எல்லை. அதுக்குத் தெற்கே போனா காத்தைத் தவற விட்டு மாசக்கணக்குல மாட்டிக்கணும்.

ஆனா தங்கம் இருந்தது தெற்கே. ஜிம்பாப்வே பீடபூமியில எடுத்த தங்கம் சோஃபாலா துறைமுகத்துக்கு வரும், அங்கிருந்து கில்வாவுக்கு வரும். சோஃபாலா வணிகத்தைத் தன் கைக்குள்ள கொண்டுவந்த பிறகு கில்வா பணக்கார ஊராயிடுச்சு. தங்கம், யானைத் தந்தம் வெளியே போச்சு. இந்தியத் துணி, கண்ணாடி மணி, சீனப் பீங்கான் உள்ளே வந்துச்சு. அடிமைகளா விற்கப்பட்ட மனுஷங்களும் இதே கப்பல்கள்லதான் போனாங்க. அதை மறைச்சுட்டு இந்த வரலாற்றைப் பெருமையா மட்டும் எழுத முடியாது.

பவளக் கல்லுல ஒரு ஊர்

நம்ம சிவில் மக்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். இங்கே கட்டடக் கல்லே பவளப்பாறைதான். கரையில கிடைக்கிற பழைய பவளக் கல்லுல சுவர் கட்டுவாங்க. கடலுக்கு அடியில இருந்து எடுக்கிற பவளம் ஈரமா இருக்கும்போது மென்மையா இருக்கும், சுலபமா செதுக்கலாம். காத்துபட்டா இறுகிடும். அதனால வாசல் நிலை, வேலைப்பாடு எல்லாத்துக்கும் அது. பவளத்தைச் சுட்டா சுண்ணாம்பும் கிடைச்சிடும். கூரைக்கு மாங்ரோவ்னு சொல்ற அலையாத்தி மரத்தோட கம்புகள். அந்தக் கம்பு எவ்வளவு நீளம் தாங்குமோ அவ்வளவுதான் அறையோட அகலம், சுமார் இரண்டரை மூணு மீட்டர். அதனால வீடுகள்ல அறைகள் நீளமா, ஒடுக்கமா இருக்கும்.

இந்த முறையில கட்டின பெரிய மசூதி, 14ஆம் நூற்றாண்டுல வில் வளைவுகளும் குவிமாடங்களும் வச்சு விரிவாச்சு. அதே நூற்றாண்டுல சுல்தான் அல்-ஹசன் இப்னு சுலைமான், ஹுசுனி குப்வாங்கிற அரண்மனையைக் கட்டினார். 100க்கு மேல அறைகள், எண்கோண வடிவத்துல ஒரு குளியல் குளம். 1331ல இங்கே வந்த பயணி இப்னு பதூதா, மிக அழகான நகரங்கள்ல ஒண்ணுன்னு எழுதி வச்சார்.

"ஆப்பிரிக்கர்களா? இருக்காது"

இப்போ சண்டைக்கு வருவோம். காலனி ஆட்சிக் காலத்துல இந்த இடிபாடுகளைப் பார்த்த ஐரோப்பியர்கள் பலர், இது அரபு, பாரசீகக் குடியேறிகள் கட்டினதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. உள்ளே பெரிய ஜிம்பாப்வேயின் கற்கோட்டைக்கும் இதே கதி. 1929லயே அகழாய்வாளர் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் அது ஆப்பிரிக்கர்கள் கட்டினதுதான்னு காட்டினாங்க. இருந்தும் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு 1970 வாக்குல கூட அதைச் சொல்ல விடாம ஆய்வாளர்களுக்கு நெருக்கடி கொடுத்துச்சு. "இவங்க எதையும் கட்டலை"ன்னு நிரூபிச்சாதானே "இது எங்க நாடு"ன்னு சொல்ல முடியும்?

கில்வா விஷயத்துல அவங்களுக்கு ஒரு சாட்சியும் கிடைச்சது. கில்வாவின் பழைய வரலாற்று நூல் ஒரு கதை சொல்லுது: பாரசீகத்தின் ஷிராஸ்ல இருந்து வந்த அலி இப்னு அல்-ஹசன், தீவைச் சுத்தி வளைக்கிற அளவுக்குத் துணி கொடுத்து உள்ளூர்த் தலைவர்கிட்ட இருந்து தீவை வாங்கினாராம். இந்தக் கதையிலயே ஒரு விஷயம் இருக்கு, கவனிச்சீங்களா? வாங்கறதுக்கு முன்னாடியே அங்கே ஒரு தலைவர் இருந்திருக்கார்!

மண்ணும் மொழியும் மரபணுவும்

லாமு பகுதியில ஷங்காங்கிற ஊரை மார்க் ஹார்ட்டன் தோண்டினப்போ, கல் மசூதிக்கு அடியில அதுக்கும் முந்தைய மசூதிகள் அடுக்கடுக்கா வந்துச்சு. ஆகப் பழசு 8ஆம் நூற்றாண்டோட கடைசியில மரத்துல கட்டின ஒரு சின்ன மசூதி. அதாவது இது ரெடிமேடா கப்பல்ல வந்து இறங்கின நகரம் இல்லை, குடிசையில இருந்து படிப்படியா வளர்ந்தது.

மொழியும் அதையேதான் சொல்லுது. சுவாஹிலில கிட்டின்னா நாற்காலி, விட்டின்னா நாற்காலிகள். 'கி' போய் 'வி' வந்தா பன்மை, இது பாண்டு இலக்கணம். இப்போ அரபிச் சொல்லான 'கிதாப்' உள்ளே வந்து கிதாபு ஆச்சு. அதுக்குப் பன்மை? அரபியில 'குதுப்'. சுவாஹிலில 'விதாபு'! வார்த்தை வெளியில இருந்து வந்தது, ஆனா சட்டம் வீட்டுக்காரங்களோடது.

2023ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வு, 80 பேரோட பழைய டிஎன்ஏவை எடுத்துப் பார்த்துச்சு. கி.பி. 1000 வாக்குல இருந்து பாரசீக ஆண்கள் வழியா வந்த மரபணு இந்தக் கரையில கலந்திருக்கு. ஆக, ஷிராஸ் கதை முழுப் பொய் இல்லை. ஆனா தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கா. அவங்க வந்தப்போ ஊர்கள் ஏற்கெனவே இருந்துச்சு. வந்தவங்களோட பிள்ளைங்க பேசினது அம்மாவோட மொழி.

ஆகவே "ஆப்பிரிக்கர்களா, வெளியாட்களா"ங்கிற கேள்வியே தப்பா செட் பண்ணின கேள்வி. வெளியில இருந்து மதம் வந்துச்சு, வார்த்தை வந்துச்சு, மாப்பிள்ளைகள் வந்தாங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு தன் இலக்கணத்துக்குள்ள அடக்கினது அந்த மண்ணோட சமூகம். பெருமை அவங்களுக்குப் போறதுக்கு "கலப்பே இல்லை"ன்னு நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை.

1505ல போர்ச்சுகீசியக் கப்பற்படை கில்வாவைச் சூறையாடுச்சு. தங்க வணிகமும் கை மாற, நகரம் மெல்ல மங்கிப்போச்சு. அரண்மனை இன்னைக்கு இடிபாடு, 1981ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. மொழி மட்டும் இடியலை. தான்சானியா, கென்யா தொடங்கி கோடிக்கணக்கான பேர் பேசுறாங்க. ஜூலை 7 உலக சுவாஹிலி மொழி தினம்.