கேட்கும் செவி

பேசத் தெரிந்தோர் பலர். பிறரைப் பேசவைக்கத் தெரிந்தோர் சிலரே. வானொலியில் நல்லதொரு நேர்காணலைக் கேட்கும்போதெல்லாம் இவ்வுண்மை நம் உள்ளத்தில் ஆழப் பதிகின்றது. அங்கே முகம் தெரிவதில்லை. உடையும் நகையும் தெரிவதில்லை. குரல் ஒன்றே நம்மை வந்தடைகின்றது. பதில் கூறுமுன் ஒருவர் விடும் பெருமூச்சும், சொல் கிடைக்காமல் தயங்கும் கணமும்கூட நமக்குப் பொருள் உணர்த்துகின்றன.

தமிழகத்தில் சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வாயிலாக உழவர்கள் அறிந்துகொண்ட ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைத் தஞ்சை மக்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். இலண்டனிலிருந்து 1941 மே 3 முதல் 2017 ஏப்ரல் 30 வரை ஒலித்த பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பை இரவில் காத்திருந்து கேட்ட இல்லங்களும் பல. கண்ணால் காணாத ஒருவரின் குரலுக்கு நம் மக்கள் எத்துணை மதிப்பளித்தனர் என்பதற்கு இவை சான்றுகள்.

இத்துறையில் உலகறிந்த ஒருவர், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வாழ்ந்த ஸ்டட்ஸ் டெர்க்கல். 1952 முதல் 1997 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், அவர் வானொலியில் நேர்காணல் நடத்தினார். புகழ் பெற்ற கலைஞர்களை மட்டுமன்றி, உழைத்து உண்ணும் எளியோரையும் தேடிச் சென்று கேட்டார். ஒருமுறை ஏழைத் தாய் ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து, அதை அவருக்கே போட்டுக் காட்டினாராம். தம் உள்ளத்தில் இத்தகைய எண்ணங்கள் இருந்ததைத் தாமே இதுவரை அறியவில்லை என்று அத்தாய் வியந்தாராம். ஆம், அன்போடு கேட்கும் ஒருவர் எதிரே அமரும்வரை, நம் வாழ்வின் பொருள் நமக்கே மறைந்திருப்பதுண்டு!

இங்கே நம் கண்ணமங்கலத்தை எண்ணிப் பார்ப்போம். ஆரணிப் பட்டுக்குப் பேர்போன இவ்வட்டாரத்தில், குழித்தறியில் அமர்ந்து முதுகு வளைந்த பெரியவர்கள் எத்தனை பேர்! தார் சுற்றியே விரல் தேய்ந்த தாய்மார் எத்தனை பேர்! அவர்கள் பிள்ளைகளோ வேறு பணி நாடி வெளியூர் செல்கின்றனர். இந்தியாவில் 1995-96ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 65 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை, 2019-20இல் 35 இலட்சமாகக் குறைந்தது. பிழைப்பைத் தேடிச் செல்லும் இளைஞரைக் குறைகூற இயலாது. ஆனால் தொழில் கைமாறாவிடினும், அதைச் செய்தோரின் கதையாவது கைமாற வேண்டாமா?

நம் வீடுகளில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. "மருந்து சாப்பிட்டீர்களா?", "கூலி வந்ததா?" என்று நாள்தோறும் கேட்கின்றோம். இவை தேவையான கேள்விகளே. எனினும் ஒரு சொல்லில் விடை பெற்று முடிந்துவிடுபவை. "அப்பா, முதன்முதல் உங்களைத் தறியில் அமர்த்தியவர் யார்? வேலையில்லாத மாதங்களில் அடுப்பெரிந்தது எப்படி? ஊரார் மகள்களுக்கெல்லாம் கலியாணப் பட்டு நெய்தீர்களே, அப்போது உங்கள் மனத்தில் என்ன ஓடியது?" என்று கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

கேட்டபின் காத்திருத்தலும் வேண்டும். நல்ல நேர்காணலாளர் இடையில் குறுக்கிடார். மௌனத்தைக் கண்டு அஞ்சார். புத்திமதி சொல்ல முந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு விடுத்த செய்தியும் இதயத்தின் செவியால் கேட்பதைப் பற்றியதே.

இப்பணிக்கு வானொலி நிலையம் தேவையில்லை. கையிலுள்ள தொலைபேசியே குரலைப் பதிவு செய்யும். ஞாயிறு மாலையில் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பாட்டனார் அருகே பேரப்பிள்ளையை அமரச் செய்யுங்கள். அவர் இசைந்தால் பதிவு செய்யுங்கள். இசையாவிடில் கேட்டாலே போதும்.

தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில், பழைய இழைகளின் முனையோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதை நெசவாளர் அறிவர். பழைய பாவு முற்றும் தறியை விட்டு நீங்கியபின் அவ்வாறு பிணைக்க இயலாது. பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்போமாக!