சட்டையில் தோல் குஞ்சம். 30 ஆட்டத்தில் 22 தோல்வி! ஒரே வருடத்தில் ஊரைக் காலி செய்த கால்பந்து அணி

கால்பந்து ஆட வருகிறவர் சட்டையில் தோல் குஞ்சம் தொங்கினால் எப்படி இருக்கும்? கௌபாய் படத்தில் குதிரை ஏறி வரும் ஆசாமி மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு அணி 1978-ல் அமெரிக்காவில் களம் இறங்கியது. ஊர் டென்வர். அணியின் பெயர் "கரிபூஸ்". கரிபூ என்பது பனிப் பிரதேசத்து மான்.

பீலே மோகம்

இதற்கெல்லாம் காரணம் பீலே. கால்பந்து மன்னன் பீலே 1975-ல் நியூயார்க் "காஸ்மாஸ்" அணியில் சேர்ந்தார். அமெரிக்காவில் ஒரே அமர்க்களம்! 1977 ஆகஸ்டில் ஒரு ஆட்டத்துக்கு 77 ஆயிரத்து 691 பேர் திரண்டார்கள்.

வட அமெரிக்க கால்பந்து லீக்காருக்கு ஆசை வந்துவிட்டது. "நியூயார்க்கில் விற்கிற டிக்கெட் எல்லா ஊரிலும் விற்கும்" என்று கணக்குப் போட்டார்கள். 18 அணி, 1978-ல் 24 ஆனது. ஆனால் பீலே 1977 அக்டோபரிலேயே ஓய்வு பெற்றுவிட்டார்!

காற்று வாங்கிய மைதானம்

கரிபூஸ் ஆடிய "மைல் ஹை" மைதானத்தில் 70 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். வந்தவர்களோ சராசரியாக 7 ஆயிரம் சொச்சம். ஊர் ஜனங்களுக்கு "பிராங்கோஸ்" என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி மீதுதான் பைத்தியம்.

அந்த லீக்கில் டிரா கிடையாது. சமமாக முடிந்தால் ஷூட்-அவுட் வைத்து முடிவு செய்வார்கள். 30 ஆட்டத்தில் கரிபூஸ் ஜெயித்தது 8, தோற்றது 22. சீசன் முடிந்ததும் அணி கைமாறி அட்லாண்டாவுக்குப் போய்விட்டது. பெயரும் "சீஃப்ஸ்" என்று மாறியது. 1981-ல் அதுவும் மூடப்பட்டது.

முன்பே பட்ட அடி

டென்வருக்கு இது முதல் அடி அல்ல. "டைனமோஸ்" என்ற அணி 1974, 75 இரண்டு வருடம் ஆடிப் பார்த்துவிட்டு மினசோட்டாவுக்குப் போனது. போன முதல் வருடமே இறுதி ஆட்டம் வரை வந்தது! அந்தப் பாடத்தை யாரும் படிக்கவில்லை.

ஆறில் ஒன்றும் தேறவில்லை

குஞ்சம் வைத்த சட்டையை இன்றும் கேலி செய்கிறார்கள். பாவம், சட்டை என்ன செய்யும்?

கரிபூஸோடு அந்த வருடம் புதிதாக வந்தவை டெட்ராய்ட், ஹூஸ்டன், மெம்பிஸ், நியூ இங்கிலாந்து, பிலடெல்பியா அணிகள். அவர்கள் சட்டையில் குஞ்சம் இல்லை. ஆனாலும் 1980 சீசனோடு ஹூஸ்டன் கலைந்தது. மற்ற நான்கும் வேறு ஊருக்கு மூட்டை கட்டின. மூன்றே வருடத்தில், ஆறில் ஒன்றுகூட பிறந்த ஊரில் இல்லை!

லீக்குக்கும் அதே கதிதான். 1984-ல் 9 அணி. 1985-ல் ஆட ஆள் இல்லாமல் கடையை மூடிவிட்டார்கள்.

மறுபடியும் அதே மைதானம்

1996-ல் புதிய லீக் ஒன்று 10 அணிகளோடு தொடங்கியது. டென்வருக்கு "கொலராடோ ரேபிட்ஸ்" கிடைத்தது. அதே "மைல் ஹை" மைதானத்தில்தான் ஆட ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அணி ஓடவில்லை. 2010-ல் கோப்பையையே தூக்கியது!

ஒரு கடையில் கூட்டம் அலைமோதுகிறது என்று ஊருக்கு ஒரு கிளை திறந்தால் என்ன ஆகும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். லீக்காருக்குத் தெரியவில்லை.